கல்யாண லிஸ்டும் முளைக்காத நவதானியமும்

தை பிறந்தால் அம்பத்தூர் வட்டாரக் கடைகளுக்குக் கல்யாண லிஸ்ட் வரத் தொடங்கிவிடும். பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரி மஞ்சள்தான். அதை எடுத்து வைத்த பிறகுதான் மற்ற சாமான்களைக் கட்டுவோம். அரிசி, பருப்பு, எண்ணெய், முந்திரி இவற்றில் நமக்கு நாலு காசு நிற்கும். நவதானியம், நெல்பொரி, விரலி மஞ்சள் போன்றவற்றில் பெரிய லாபம் இல்லை. அதனாலேயே அவற்றை நாம் சரிவரக் கவனிப்பதில்லை. ஆனால் மணமேடைக்குப் போவது அவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். திருமுல்லைவாயில் பக்கத்திலிருந்து நீண்ட நாள் வாடிக்கையாளர் குடும்பம். பெண்ணுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்ட அன்றே பாலிகை தெளித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பெண்ணின் தாயார் பாட்டியையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, உங்க கடைச் சாமான்னுதானே நம்பி வாங்கினோம். அஞ்சு சட்டியில ஒண்ணுலகூட முளை வரலை. அத்தை ராத்திரி முழுக்கத் தூங்கலை" என்றார். பாட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நமக்குப் பேச்சே எழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தோம். அந்தப் பொட்டலங்கள் முந்தின வைகாசி முகூர்த்தங்களுக்காகக் கட்டியவை. ஆடியில் விற்பனை கிடையாது. ஆவணியில் கொஞ்சம் போயிற்று. மிச்சம் மழைக்காலம் முழுவதும் ஓதம் ஏறிய அலமாரியில் கிடந்து தைக்கு வெளியே வந்திருக்கிறது. போதாக்குறைக்கு, முழுத் துவரைக்குப் பதில் துவரம் பருப்பும், கறுப்பு உளுந்துக்குப் பதில் தோல் நீக்கிய உருட்டு உளுந்தும் போட்டுக் கட்டியிருந்தார்கள் பையன்கள். மேற்பார்க்காதது நமது தவறு. உடைத்த பருப்பு எந்தக் காலத்தில் முளைத்தது?

முளைப்பாலிகை என்பது குலம் தழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. சுமங்கலிகள் ஊறவைத்த தானியத்தை மண் சட்டியில் தூவி, பாலும் நீரும் தெளித்து, கல்யாணம் முடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு ஆக ஒன்பது. சில வீடுகளில் ஐந்து வகைதான். எஸ்டேட் வேலைக்கென்று பல மாவட்டத்தாரும் குடியேறிய ஊர் இது. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். கேட்டுக் கட்டுவதே நல்லது.

மற்ற சாமான்களிலும் இதே கதைதான். அட்சதை என்ற சொல்லுக்கே முறியாதது என்று பொருள். அதற்குக் குருணை கலந்த பச்சரிசியைக் கொடுக்கலாமா? மணப்பெண்ணின் சகோதரன் அள்ளிக் கொடுக்க அக்கினியில் இடுவது நெல்பொரி. நம்மில் பலர் அரிசிப் பொரியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மேடையில் புரோகிதர் முகம் சுளித்தார் என்று பிறகு கேள்விப்படுகிறோம். மஞ்சளில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் நமக்குத் தெரிந்த சரக்கு. தொட்டால் கையில் ஒட்டும் பளபளப்பு மஞ்சளை வாங்கவே வேண்டாம். ஈயம் சேர்ந்த சாயம் ஏற்றியதாக இருக்கலாம். தாலிக் கயிற்றில் பூசுவதும் அதே மஞ்சள்தான், பெண்ணின் கழுத்தில் கிடப்பது.

ஏழடி எடுத்து வைக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு ஏழாவது அடியில் திருமணம் நிறைவேறுகிறது என்று 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமே சொல்கிறது. நமது மாநிலத்தில் 1967இல் வந்த திருத்தத்தின்படி, புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். அந்த வீட்டு லிஸ்டில் நெல்பொரி இருக்காது. மஞ்சள் அநேகமாக இருக்கும்.

இப்போது நமது கடையில் நவதானியத்தை முன்கூட்டிக் கட்டி வைப்பதில்லை. புது மூட்டை வந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து வைக்கிறோம். பயறும் கடலையும் ஓரிரு நாளில் முளை காட்டும். நெல்லுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முளைக்காத சரக்கு பாலிகைக்குப் போகாது. இதற்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அன்று அந்தக் குடும்பத்துக்குப் புதுச் சரக்கை நாமே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பச்சைப்பயறு மட்டும் தலைகாட்டியது. கல்யாணம் நன்றாகவே நடந்தது. அந்தப் பாட்டி இன்றும் நமது கடைக்குத்தான் வருகிறார். ஆனால் எதை வாங்கினாலும் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுகிறார்.