மலை ஓடையும் ட்ரவுட் மீனும்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் பட்டடைக்கு ஏறிய பின்னர், சிறுபோகத்துக்குக் குளத்து நீர் திறக்கப்படும் வரையில் கமக்காரருக்குக் கிடைக்கும் ஓய்வு சில வாரங்களே. அவ்வாரங்கள் பெரும்பாலும் சித்திரை மாதத்தில் அமைகின்றன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியசைத் தொடும் இக்காலத்தில், வெயிலுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறுவோர் பலர். அங்கே ஓடைக்கரையில் அமர்ந்து தூண்டிலிட விரும்புவோரும் உளர். அவ்வோடைகளில் வாழும் ட்ரவுட் மீனைப்பற்றி அறிவது பொழுதுபோக்குக்கு மட்டுமன்றி, நீரை நம்பிப் பயிர் செய்வோர் அனைவருக்கும் பயன்படும்.

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 மீற்றர் மேலேறும்போதும் வளியின் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகின்றது. நுவரெலியா நகர் சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆகவே கரையோரத்தின் சராசரி வெப்பநிலை 28 பாகையாயின், அங்கு அது 16 பாகையளவில் நிற்கும். கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை அங்கு செழித்து வளர்வதற்கும், ட்ரவுட் மீன் உயிர் வாழ்வதற்கும் காரணம் ஒன்றே.

இம்மீன் இலங்கைக்கு உரியதன்று. நீலகிரியிலும் பிற மலைநாடுகளிலும் செய்தவாறே, ஆங்கிலத் தோட்டத்துரைமார் தம் நாட்டு விளையாட்டை இங்கும் தொடர விரும்பி, 1880களில் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் வருவித்துப் பொரிக்கச் செய்தனர். அவ்வினம் நம் ஓடைகளில் வேரூன்றவில்லை. பின்னர் கொணரப்பட்ட வானவில் ட்ரவுட்டே நிலைத்தது. பக்கங்களில் இளஞ்சிவப்புப் பட்டையும் உடலெங்கும் கரும்புள்ளிகளும் உடைய மீன் அதுவேயாகும்.

வானவில் ட்ரவுட் 10 முதல் 16 பாகை வரையுள்ள நீரை விரும்பும். 20 பாகையைக் கடந்தால் இரை தேடுவதைக் குறைத்துத் துன்புறும். 25 பாகையளவில் நீடித்தால் பெரும்பாலும் இறந்துபடும். குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. கடல் மட்டத்தில் ஒரு லீற்றர் நீரில் 15 பாகையில் சுமார் 10 மில்லிகிராமும், 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராமும் ஒட்சிசன் கரையும். மலையிலோ காற்றமுக்கம் குறைவாதலின் இந்த மேலதிகத்திற் பெரும்பகுதி இழக்கப்படுகின்றது. மீனைக் காப்பன வேறு இரண்டு: குளிரில் அதன் உடல் வேண்டும் ஒட்சிசன் குறைவு, கற்களில் மோதி நுரைத்துப் பாயும் நீர் இழந்த ஒட்சிசனை உடனே காற்றிலிருந்து மீளப் பெறுகின்றது. ஆவணி மாதத்தில் வற்றிய குளத்தில், விடியற்புறம் மீன்கள் மேலெழுந்து வாய் பிளப்பதைக் கண்ட கமக்காரருக்கு இதன் மறுபக்கம் தெரியும். அசையாத வெந்நீர், இரவு முழுவதும் பாசியும் அழுகற் பொருளும் ஒட்சிசனை உண்டு தீர்த்த நீர் அது.

ட்ரவுட் ஓடையின் போக்குக்கு எதிர்முகமாகக் கல்லின் பின்னால் நின்று, நீர் கொண்டுவரும் பூச்சிகளைக் கவ்வும். அதனால் அதைப் பிடிக்கும் முறையும் குளத்துத் தூண்டிலினின்று வேறுபட்டது. புழுவுக்குப் பதிலாக, இறகும் நூலும் கொண்டு ஈயைப்போற் கட்டிய சிறு கொக்கி பயன்படுகின்றது. ஈயம் இல்லாமையால் கொக்கிக்குப் பாரம் இல்லை. கயிறே கனமாக அமைந்து, கோலின் வீச்சால் நீண்டு சென்று பொய்யீயை நீரின்மேல் மெல்ல இறக்கும். கைப்பழக்கம் வேண்டிய வித்தை இது. முதல் நாளில் மீனைவிடக் கரையிலுள்ள புதரே மிகுதியாக அகப்படும். காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். நண்பகலில் நீர் சூடேறியிருக்கையில் பிடித்துத் திரும்ப விடும் மீன் பிழைக்காமற் போகக்கூடுமாதலால், அவ்வேளையில் தூண்டிலை மடக்கி வைத்தல் நன்று. சிறு மீனைத் திரும்ப விடுவோர் கையை நனைத்த பின்னரே அதைத் தொடவேண்டும்; உலர்ந்த கை அதன் வழுவழுப்பான மேற்படையை உரித்துவிடும்.

ஹோட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காவாகும். அதனுள் எவ்வுயிரையும் எவரும் தன் விருப்பப்படி பிடித்தல் ஆகாது. வெளியேயுள்ள ஓடைகளிலும் உரியவரின் அனுமதியைப் பெற்றே இறங்கவேண்டும். வெடியோ நஞ்சோ இட்டு மீன் பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி குற்றமாகும். பிடித்த குஞ்சுகளைப் புதிய ஓடைகளில் விடுவதும் தவறு. ஹோட்டன் சமவெளியின் நீரில் வாழும் உள்நாட்டுச் சிற்றிறால் ஒன்று உலகில் வேறெங்கும் இல்லை. அந்நிய மீன் பெருகினால் அதற்குத் தீங்கு நேரும்.

இனி, மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் கவனிக்கவேண்டியவை உள. ட்ரவுட் ஓடையின் அடியிலுள்ள சரளைக் கற்களில் குழி தோண்டி முட்டையிடுகின்றது. 10 பாகை நீரில் அவை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். அம்மாதம் முழுவதும் கற்களின் இடையே தெளிந்த நீர் ஊடுருவிச் செல்லவேண்டும். சரிவுக்கு நெடுக்காகக் கொத்திய உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து ஒரு மழைக்கு இறங்கும் வண்டல் கற்களை மூடினால், முட்டைகள் மூச்சடைத்து அழியும். அவ்வண்டல் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. ஊமா ஓயாவின் வழியே இறங்கிய மண் ரன்டம்பை நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்துள்ளது. இழந்தது எவருடைய மேல்மண் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பசளைக்குக் கொடுத்த பணமும் அதனோடு சென்றது.

ஆகவே பாத்திகளைச் சமவுயரக் கோட்டின் வழியே அமைத்து, இடையிடையே வடிகாலும் மண் தேங்கும் குழியும் வெட்டவேண்டும். ஓடைக்கரையில் சில மீற்றர் அகலத்துக்கு மண்ணைக் கொத்தாது, மானாப் புல்லோ வெட்டிவேரோ சிறு மூங்கிலோ வளரவிடல் வேண்டும். அப்பட்டியில் மேலும் ஒரு வரிசை கரட் இடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் கரை இடிந்தால் போவது ஒரு வரிசை மட்டுமன்று. கரையோர மரங்களை வெட்டாது விட்டால் அவற்றின் நிழல் நீரையும் குளிர்விக்கும். வெயிலுக்குத் திறந்துவிட்ட சிற்றோடை, நிழலில் ஓடும் ஓடையைவிட நண்பகலில் தெளிவாகவே சூடேறும். இதை ஒரு வெப்பமானி கொண்டு எவரும் சோதிக்கலாம்.

பூச்சிநாசினி இதனினும் கொடிது. பைரித்திரொயிட் வகை மருந்துகள் சில, ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தாலே ட்ரவுட்டைக் கொல்லவல்லன. வேறு வகையாகச் சொன்னால், அம்மருந்தின் ஒரு கிராம் பத்து இலட்சம் லீற்றர் நீரைக் கெடுக்கப் போதியது. மீனுக்கு முன்னர் அதன் இரையாகிய நீர்ப்பூச்சிகள் மடியும். மருந்து மண்துகளில் ஒட்டிக்கொள்வதால், மண்ணரிப்பு உள்ள தோட்டத்திலிருந்து அதுவும் சேர்ந்தே இறங்கும். இலை வெளிறலுக்கு விசிறும் செம்பு சேர்ந்த மருந்துகளும் மீனுக்கு ஆகாதவை.

தெளிகருவியை ஓடையில் அமிழ்த்தி நீர் நிரப்புவதும், வேலை முடிந்தபின் அங்கேயே கழுவுவதும் பல இடங்களில் காணப்படும் வழக்கம். நீரை வாளியில் மொண்டு, ஓடைக்கு அப்பால் கலக்கவேண்டும். வெறுமையான போத்தலை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்கு விசிறிவிடலாம், மருந்தும் வீணாகாது. மழைக்குறி தென்படும் மாலையில் விசிறுதல் கூடாது. அவ்வோடையின் கீழே லயன்களில் குடியிருப்போர் அந்நீரையே குடிக்க எடுக்கின்றனர். அடுத்த தோட்டத்தின் லீக்ஸ் பாத்திக்கும் அதுவே பாய்கின்றது. ஹோட்டன் சமவெளியிலும் அதன் அயலிலும் ஊறும் நீர் மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் செல்கின்றது. அவற்றுள் மகாவலியின் நீர் மூதூர், வெருகல் வயல்கள் வரையில் சென்றே கடல் சேர்கின்றது.

மலைக்குச் செல்வோர் கம்பளியும் மழைச்சட்டையும் மறவாது எடுக்கவேண்டும். சித்திரையில் பிற்பகல் இடிமழை வழக்கமாதலால், மதியத்துக்குப் பின் முகில் கறுக்குமாயின் நீண்ட கோலை நிமிர்த்திப் பிடித்தபடி வெளியில் நிற்றல் ஆபத்து. நீர் திடீரெனக் கலங்கிச் சருகு மிதந்து வருமாயின், மேலே மழை பெய்துவிட்டது என்பது பொருள். பிள்ளைகளை உடனே கரையேற்றவேண்டும். ஓடைநீர் எவ்வளவு தெளிவாயிருப்பினும் கொதிக்கவைத்த பின்னரே குடிக்கத்தக்கது.