படகுத்துறையில் விளையும் வாடகை

சான் பிரான்சிஸ்கோ நகரின் முதன்மை வீதியான மார்க்கெட் தெரு விரிகுடாவின் கரையில் முடிகிறது. அங்கே நீண்ட கட்டடம் ஒன்றும், அதன் நடுவே 245 அடி உயரமுள்ள மணிக்கூண்டும் நிற்கின்றன. 1898-இல் திறக்கப்பட்ட 'ஃபெரி பில்டிங்' எனும் படகுத்துறை நிலையம் அது. இன்று அதன் தரைத்தளம் ஓர் உணவங்காடி. ரொட்டி, பாலாடைக்கட்டி, சிப்பி, காளான், ஆலிவ் எண்ணெய், சாக்லேட், தேநீர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடைகள், இடையிடையே உணவகங்கள், வாரத்தில் மூன்று நாள் வெளியே உழவர் சந்தை.

அங்கே எதை உண்ணலாம் என்று சொல்லப் பயணக் கட்டுரைகள் ஏராளமாக உள்ளன. பொருளாதாரம் கற்பித்தவனுக்கு எழும் கேள்விகள் வேறு. இத்தனை சிறு வியாபாரிகள் ஒரே கூரையின்கீழ் எப்படித் தழைக்கிறார்கள்? அவர்களால் அந்த இடத்துக்கு ஏறும் மதிப்பு யாரைச் சேர்கிறது?

விரிகுடாவின்மீது பாலங்கள் இல்லாத காலத்தில் நகருக்குள் வருவோர் பெரும்பாலும் படகில்தான் வந்தனர். நாளொன்றுக்கு 50,000 பேர் வரை இந்த நிலையத்தைக் கடந்து சென்றனர். பயணிகள் நடமாடியது மேல்தளத்தில். தரைத்தளம் மூட்டை முடிச்சுகளுக்கும் தபால் பைகளுக்கும் உரியதாக இருந்தது. இன்று பாலாடைக்கட்டி அடுக்கப்பட்டிருக்கும் இடம் அன்றைய சரக்கறை. 1936-இல் பே பாலமும், 1937-இல் கோல்டன் கேட் பாலமும் திறக்கப்பட்டபின் படகுகள் குறைந்தன. 1906-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற கட்டடத்தை மோட்டார் வாகனம் வீழ்த்திவிட்டது. உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுப்பி அலுவலகங்களாக்கினார்கள். 1950-களின் இறுதியில் கட்டடத்துக்கும் நகருக்கும் இடையே இரண்டு அடுக்கு உயர்மட்ட விரைவுச்சாலை ஒன்றையும் எழுப்பினார்கள். கடற்கரை நகரத்தின் முகப்பாக இருந்த இடம், கான்கிரீட் தூண்களுக்குப் பின்னால் மறைந்த கொல்லைப்புறமாயிற்று.

அந்தச் சாலையை இடிக்கும் யோசனை 1986-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது நகர மக்களே அதை நிராகரித்தனர். ஆனால் 1989 அக்டோபரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சாலை சேதமடைந்தது. அதைச் செப்பனிடுவதா, இடிப்பதா என்ற விவாதத்தில் இடிப்பதற்காக முன்னின்றவர் அன்றைய மேயர் ஆர்ட் ஆக்னோஸ். எதிர்த்தவர்களில் முக்கியமானோர் சைனா டவுன் வணிகர்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களை நேரே கொண்டுவந்து இறக்கியது அந்தச் சாலைதான். 1991-இல் சாலை இடிக்கப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் ஆக்னோஸ் தோற்றார். சைனா டவுன் வணிகர்களுக்கு நேர்ந்த இழப்புக்கு மாற்றாகப் பேசப்பட்ட சுரங்க ரயில் 2022 நவம்பரில்தான் ஓடத் தொடங்கியது. நீர்முனையின் மீட்சியை வியந்து எழுதுவோர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஓரிடத்தின் நிலமதிப்பு உயர்ந்தது, இன்னோரிடத்தின் வணிகம் தளர்ந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே முடிவு.

கட்டடத்துக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்தது உழவர் சந்தை. கலிபோர்னியாவில் காய்கனிகளின் அளவு, பெட்டியின் தரம் முதலியவற்றுக்குக் கடுமையான விதிகள் உண்டு. பெரும் மொத்த வணிகத்துக்கு வகுக்கப்பட்ட அவ்விதிகள், நேரடியாக விற்க விரும்பிய சிறு விவசாயிக்கு முட்டுக்கட்டையாக இருந்தன. 1977-இல் மாநில அரசு, சான்று பெற்ற சந்தைகளில் தம் விளைச்சலைத் தாமே விற்போருக்கு விலக்கு அளித்தது. இடைத்தரகர் இன்றி விளைவித்தவரே விற்கும் நம் உழவர் சந்தையின் கருத்தும் இதுவே. அந்த விலக்கின் பயனாக, விரைவுச்சாலை அகன்ற வெட்டவெளியில் 1992-இல் ஒருநாள் சந்தையாகத் தொடங்கியது, மறு ஆண்டிலேயே வாராந்தரச் சந்தையாக வேரூன்றியது.

துறைமுக நிர்வாகம் கட்டடத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விட, தனியார் முதலீட்டில் அது புதுப்பிக்கப்பட்டு 2003-இல் திறக்கப்பட்டது. அதன் இடப்பகிர்வைக் கவனிக்க வேண்டும். கீழே அங்காடிக்கு ஏறத்தாழ 65,000 சதுர அடி. மேலே அலுவலகங்களுக்கு ஏறத்தாழ 1,75,000 சதுர அடி. மேலே பணிபுரிவோர் மதிய உணவுக்குக் கீழே வருகிறார்கள். கீழே அங்காடி இருப்பதால் மேலே அலுவலகத்தின் மதிப்பு உயர்கிறது.

ஒரு கடை அடுத்த கடைக்குச் செய்யும் உதவியும் இதே வகையானது. பெர்க்கிலியில் 1983-இல் தொடங்கப்பட்ட ஆக்மி ரொட்டி நிறுவனம் இங்கே கடை மட்டும் வைக்கவில்லை, அடுப்பும் வைத்திருக்கிறது. ரொட்டி சுடும் மணம் கூடமெங்கும் பரவுகிறது. அந்த மணத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் அது இழுத்துவரும் கூட்டம் பாலாடைக்கட்டிக் கடையிலும் ஆலிவ் எண்ணெய்க் கடையிலும் செலவு செய்கிறது. தேனீ வளர்ப்பவருக்கும் ஆப்பிள் தோட்டக்காரருக்கும் இடையே விலையின்றிப் பரிமாறப்படும் நன்மையை 1952-இல் ஜேம்ஸ் மீட் எடுத்துக்காட்டினார். பாடநூல்கள் அதைப் 'புறவிளைவு' என்கின்றன. தெருவில் தனித்தனி உரிமையாளர்களின் கட்டடங்களில் இக்கடைகள் இருந்தால், ரொட்டிக் கடையால் விளையும் நன்மைக்காக எந்த உரிமையாளரும் அதற்கு வாடகையைக் குறைக்க மாட்டார். ஒரே குத்தகைதாரரின் கூரையின்கீழ் அது இயலும். கூட்டத்தை ஈர்க்கும் கடைக்கு வாடகையைக் குறைத்து, அக்கூட்டத்தால் பயன்பெறும் கடையிடம் ஈடுசெய்து கொள்ளலாம். வணிக வளாகங்கள் பெருங்கடைகளுக்குச் சலுகை அளிப்பது இந்தக் கணக்கில்தான். இங்கே அது சிறுகடைகளுக்கும் பொருந்துகிறது என்பதே புதுமை.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. பீச் பழத்தில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டதா என்பது உண்ட பின்னும் தெரியாது. தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் நல்ல சரக்கை மட்டமான சரக்கு விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். அதற்காகவே பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். விளைவித்தவர் முகம் தெரியும்படி நிற்பது இதற்கொரு மாற்று. ஹாக் ஐலண்ட் நிறுவனம் நகருக்கு வடக்கே டொமாலஸ் விரிகுடாவில் தானே வளர்க்கும் சிப்பிகளை இங்கே தன் பெயரிலேயே உடைத்துப் பரிமாறுகிறது. சைவனாகிய எனக்கு அவற்றின் சுவை குறித்துச் சான்று கூறத் தகுதியில்லை. வரிசையின் நீளத்தை மட்டும் சொல்ல முடியும்.

விலைகள் அதிகம் என்பது உண்மை. வாடகை அதிகம், ஆகவே விலை அதிகம் என்றுதான் அங்கு வருவோர் சொல்வர். வாடகைக் கோட்பாட்டை வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நடத்தியவன் இந்த இடத்தில் குறுக்கிட்டாக வேண்டும். 1817-இலேயே டேவிட் ரிக்கார்டோ இந்தக் காரண காரியத்தைத் தலைகீழாகத் திருப்பினார். தானியத்தின் விலை உயர்ந்திருப்பதால்தான் நிலத்துக்கு வாடகை எழுகிறது. வாடகையால் விலை உயர்வதில்லை. இங்கும் அப்படித்தான். அதிகம் கொடுக்க முன்வரும் சுற்றுலாப் பயணிகளும் அலுவலர்களும் இந்தப் படகுத்துறைக்கு வருவதால், இங்கே இடம்பிடிக்க வியாபாரிகள் போட்டியிடுகிறார்கள். அந்தப் போட்டி வாடகையாக உருமாறுகிறது. இதே நகரில் 1943-இல் போர்க்காலத்தில் தொடங்கப்பட்டு, நகராட்சியே நடத்திவரும் அலெமெனி உழவர் சந்தை இருக்கிறது. பல இன மக்கள் வாரச்செலவுக்குக் காய்கறி வாங்கும் இடம் அது. அங்கே மணிக்கூண்டு இல்லை, விலையும் மலிவு.

வாடகை விலையை நிர்ணயிப்பதில்லை என்றாலும், யார் தங்குவார், யார் வெளியேறுவார் என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. இரண்டு கடைகளின் வரலாற்றைப் பார்க்கலாம். வியட்நாமிலிருந்து அகதிக் குடும்பத்துடன் வந்த சார்லஸ் பான், 1995-இல் நகரின் மிஷன் பகுதியில் 'ஸ்லாண்டட் டோர்' எனும் சிறிய உணவகத்தைத் தொடங்கினார். 2004-இல் அது ஃபெரி பில்டிங்குக்குக் குடிபெயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் தலைசிறந்த உணவகத்துக்குரிய ஜேம்ஸ் பியர்டு விருதைப் பெற்றது. அங்காடியின் பெயரை உலகுக்குச் சொன்ன உணவகங்களில் அதற்கே முதலிடம். மற்றொன்று, இரு பெண்கள் தொடங்கிய 'கவ்கேர்ள் கிரீமரி' எனும் பாலாடைக்கட்டி நிறுவனம். 2003 முதல் அங்காடியின் அடையாளமாக இருந்த அது, 2016-இல் சுவிட்சர்லாந்தின் எம்மி குழுமத்துக்கு விற்கப்பட்டது.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்தது. மேல்தள அலுவலகங்கள் காலியாயின, சுற்றுலா நின்றது. கவ்கேர்ள் கிரீமரி 2021-இல் அங்காடிக் கடையை மூடிவிட்டது. 2020-இல் அடைத்த ஸ்லாண்டட் டோரின் கதவுகள் மீண்டும் அங்கே திறக்கப்படுவதற்குள், 2025 ஜனவரியில் சார்லஸ் பான் காலமானார். வெற்றிடத்தில் பிலிப்பினோ, அரபு உணவுக் கடைகள் போன்ற புதியவை வந்தன. கூடம் மறுபடி நிறைந்தது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. வியாபாரி உருவாக்கிய நற்பெயர் அவருடன் வெளியேறுவதில்லை. அது இடத்தோடு தங்கிவிடுகிறது, அடுத்து வருபவரிடம் வாடகையாக வசூலிக்கப்படுகிறது.

இதை மிகக் கூர்மையாகக் கண்டவர் இதே சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த பத்திரிகையாளர் ஹென்றி ஜார்ஜ். 1879-இல் வெளியான 'முன்னேற்றமும் வறுமையும்' நூலை அவர் எழுதியது இந்நகரில்தான். ரயில் வருகிறது, மக்கள் பெருகுகிறார்கள், தொழில் வளர்கிறது. இவற்றால் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. நில உரிமையாளர் உறங்கிக்கொண்டே செல்வந்தர் ஆகிறார். சமூகம் உண்டாக்கிய அந்த மதிப்பை வரியாகச் சமூகத்துக்கே திருப்பவேண்டும் என்பது அவர் வாதம். பொருளியல் துறைகளில் அவரை ஓரமாக வைத்துவிட்டோம். ரிக்கார்டோவுக்கு ஒரு பருவம் முழுவதும் ஒதுக்கும் பாடத்திட்டம் ஜார்ஜுக்கு ஒரு பத்தி ஒதுக்கினாலே அதிகம்.

ஃபெரி பில்டிங் நிலத்தைப் பொறுத்தவரை ஜார்ஜ் கேட்டதில் பாதி ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் கரைநிலம் பொதுமக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து என்பது அங்குள்ள சட்டம். 1968-ஆம் ஆண்டின் பர்ட்டன் சட்டத்தின்படி மாநிலம் இந்தத் துறைமுகத்தை அந்த நிபந்தனையுடன்தான் நகரத்திடம் ஒப்படைத்தது. நிலத்தை விற்க முடியாது. கையாளப்படுவது குத்தகை உரிமை மட்டுமே. அந்த உரிமையைத்தான் 2018-இல் ஹட்சன் பசிபிக், அலியான்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 29.1 கோடி டாலருக்கு வாங்கின. மண் பொதுவுடைமை, ஆனால் அதன்மேல் வணிகம் செய்யும் உரிமைக்கு இத்தனை விலை. இந்த விலையில் கட்டடத்தைப் புதுப்பித்த முதலீட்டின் பங்கும், நல்ல நிர்வாகத்தின் பங்கும் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. இடித்த விரைவுச்சாலையின் பங்கும், 1977 விலக்கின் பங்கும், சைனா டவுன் இழந்ததன் பங்கும், விடியுமுன் வண்டியில் காய்கனி ஏற்றிவந்த விவசாயிகளின் பங்கும்கூட அதற்குள் இருக்கின்றன.

பொதுநிலம் என்பதால் பொதுமக்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், சில நல்ல செய்திகள் உள்ளன. கூடத்துக்குள் நடக்கக் கட்டணமில்லை. எதையும் வாங்காமல் பின்புறத்து இருக்கையில் அமர்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெளியே நடக்கும் உழவர் சந்தையில், வருமானம் குறைந்தோருக்கு அரசு வழங்கும் உணவு உதவி அட்டை செல்லும். அதில் செலவிடும் தொகைக்கு ஈடாக, வரம்புக்குட்பட்டு, காய்கனி வாங்க மேலும் தொகை தரும் திட்டமும் உண்டு.

ஆனால் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த நீர்முனை முழுவதும் மூன்று மைல் நீளக் கடற்சுவர் ஒன்றை நம்பி நிற்கிறது. நூற்றாண்டைக் கடந்த அச்சுவர் அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பது ஐயம், கடல்மட்டமும் உயர்ந்துவருகிறது. குத்தகை உரிமை கைமாறிய அதே 2018-இன் நவம்பரில், சுவரை வலுப்படுத்த 42.5 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு நகர வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். அது போதாது. 2024 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவும் நகரமும் வெளியிட்ட வரைவுத் திட்டத்தின் மதிப்பீடு 1,350 கோடி டாலர். கூட்டாட்சி அரசு 65 விழுக்காட்டை ஏற்றால்கூட, எஞ்சிய 35 விழுக்காடு உள்ளூரின் பொறுப்பு. அலெமெனியில் காய்கறி வாங்குபவரும், சைனா டவுனில் கடை வைத்திருப்பவரும் அதற்கு வரி செலுத்துவார்கள். அந்தச் சுவர் காக்கப்போகும் நிலத்தில் எழும் வாடகையில் எத்தனை பங்கு அவர்களிடம் திரும்பவேண்டும் என்பதை, இனிவரும் ஒவ்வொரு குத்தகைப் பேச்சிலும் துறைமுக நிர்வாகம் எண்களில் எழுதியாக வேண்டும்.