காதுக்கு ஒரு கதவு

திருப்பாலைவனம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மணற்காட்டையும் ஒட்டகத்தையும் கற்பனை செய்து கொள்ளாதீர்கள்! பாலை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுப் பக்கம் போனால் இந்த ஊர் வரும். அதற்கு அப்பால் ஏரிதான். ஒடிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் தேசத்திலேயே பெரிய உப்பங்கழி அது. குளிர் காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் அழகைப் பார்க்கப் பட்டணத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதுண்டு.

"ஆஹா, என்ன அமைதி!" என்று சொல்லிவிட்டுத் திரும்பியும் வருவார்கள். அந்த அமைதி விருந்தாளிக்கு மட்டுந்தான். பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் இன்று டீஸல் எஞ்ஜின்கள் வந்துவிட்டன. எஞ்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படகைச் செலுத்துகிறவருக்கு, விடியற்காலையில் தொடங்கும் "டப டப" ஓசை கரை திரும்பும் வரை ஓய்வதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சற்று உரக்கவே பேசுகிறார் என்றால் அதைக் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள், அம்மா. காது கொஞ்சம் கொஞ்சமாக விடை பெற்றுக் கொண்டிருக்கலாம்.

அதே ஊரிலிருந்து சென்னைக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். பொன்னேரி வரை பஸ். அப்புறம் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரெயில். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று வண்டி ஆடி அசைந்து சென்ட்ரலை அடைகிற வரையில் சக்கர ஓசை, காற்றோசை, கூட்டத்தின் ஓசை. கையிலே செல்போன், காதிலே ஏதோ ஒரு மலிவான ஒயர். பாட்டுக் கேட்கவில்லையே என்று சப்தத்தைக் கூட்டுகிறாள். ரெயில் இன்னும் கத்துகிறது, இன்னும் கூட்டுகிறாள். இந்தப் போட்டியில் ரெயில் தோற்பதே இல்லை. தோற்பது காது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவில் கேட்டால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு அதே 40 மணி, ஆனால் 75 டெசிபல்தான். அளவு 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் கேட்கலாகும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10. 89 என்றால் வாரம் முழுவதற்கும் 5 மணிதான்! போக வர நாளைக்கு நாலு மணி நேரம் பிரயாணம் செய்கிற பெண், ரெயிலை ஜெயிப்பதற்காக 89-இல் வைத்துக் கேட்டாளானால், திங்கட்கிழமைக் கணக்கு முடிந்து செவ்வாய்க்கிழமைக் காலையிலேயே வாரத்துப் பங்கு தீர்ந்துவிடுகிறது. உட்காதில் ஓசையை வாங்கிக் கொள்ளும் நுண்ணிய மயிர்க்கால்கள் பட்டுப் போனால், தலைமயிர் போல மறுபடி முளைக்கமாட்டா. எந்த டாக்டராலும் அவற்றை நட்டுத் தர முடியாது.

ஆகையால் "இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வேண்டும்" என்று உங்கள் பெண் கேட்டால், "உனக்கு ஏனடி இந்த நாகரிகம்?" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். இது வெறும் பகட்டுச் சாமான் அல்ல. வெளி இரைச்சல் குறைந்தால் பாட்டின் சப்தத்தையும் குறைத்து வைக்கலாம். இதன் லாபமே அதுதான். இரைச்சலையும் அடக்கிவிட்டு, பாட்டையும் பழைய உச்சத்திலேயே வைத்துக் கேட்டால் கொடுத்த காசு வீண்.

இந்த வித்தைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. ஓசையை ஓசையாலேயே அழிக்கலாம் என்று ஜெர்மானியரான பால் லூக் என்பவர் எண்ணி, 1936-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அந்த நாள் மின் சாதனங்களைக் கொண்டு அதைச் செய்து காட்ட முடியவில்லை. பிறகு வந்தவர் அமர் போஸ். கல்கத்தாவில் வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்து, அமெரிக்காவுக்குத் தப்பிப் போன ஒரு வங்காளியின் பிள்ளை. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1978-இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, அவர்கள் கொடுத்த ஹெட்போனில் எஞ்ஜின் இரைச்சலை மீறிச் சங்கீதம் கேட்கவில்லை. நம்மைப் போன்றவர்கள் விமானப் பணிப்பெண்ணிடம் குறை சொல்லிவிட்டுத் தூங்கியிருப்போம். அவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்! 1989-இல் விமானிகளுக்கான கருவியை அவருடைய கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. பொதுஜனங்களுக்குக் கிடைத்தது 2000-இல். இன்று சோனி, ஸென்ஹைஸர், ஆப்பிள், ஜே.பி.எல். என்று பலரும், நம் நாட்டுக் கம்பெனிகளும் செய்கிறார்கள். விலையும் இரண்டாயிரம் மூவாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்துக்கு மேலே போகிறது.

வேலை செய்யும் விதம் என்ன என்கிறீர்களா? ஏரியில் அலை எழும்பும் போது மேடும் பள்ளமுமாக வருகிறதல்லவா? ஓர் அலையின் மேடு வரும் இடத்தில் சரியாக இன்னோர் அலையின் பள்ளம் வந்து சேர்ந்தால் தண்ணீர் சமமாகிவிடும். காற்றில் வரும் ஓசையும் அலைதான். ஹெட்போனில் உள்ள சின்ன மைக் வெளி ஓசையைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை அந்தக் கணமே உண்டாக்குகிறது. இரண்டும் காதின் வாசலில் மோதிக் கரைகின்றன.

இதிலேயே ஒரு சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. ரெயிலின் தடதடப்பு, விமானத்தின் ரீங்காரம், ஏ.ஸி.யின் உறுமல் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான ஓசைகளைத்தான் இது நன்றாக விழுங்கும். திடீரென்று வரும் ஓசையையும் கீச்சுக் குரலையும் அவ்வளவாக விழுங்காது. மிக்ஸியின் ஓலம் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. குக்கர் விசில் கேட்கும். "சாப்பிட வா" என்று நீங்கள் கூப்பிடுவதும் மங்கலாகக் கேட்கத்தான் செய்யும். ஆகவே "காதில் விழவில்லை அம்மா" என்ற சாக்கைப் பாதிதான் நம்பலாம்!

உயர்ந்த சுருதி ஓசைகளைத் தடுப்பது காதைச் சுற்றி அமரும் மெத்தைதான். மெத்தை காதோடு ஒட்டி உட்காராவிட்டால் அந்தத் தடுப்பும் போகும். மின்சார வித்தையும் பாதி பாழாகும். விளம்பரங்களில் இதைச் சொல்லமாட்டார்கள்; அங்கே ஜிமிக்கி போட்ட பெண் இருப்பதில்லை. நம் வீட்டுப் பெண்களுக்குத் தோடு, மாட்டல், ஜிமிக்கி, மூக்குக் கண்ணாடி எல்லாம் உண்டு. மெத்தைக்கு அடியில் ஜிமிக்கி மாட்டிக்கொண்டால் இடுக்கு வழியாக இரைச்சல் நுழைந்துவிடும். அரை மணியில் காதுமடலும் வலிக்கும். எனவே, வாங்கப் போகும் அன்று வழக்கமாகப் போடும் தோட்டையே போட்டுக் கொண்டு, கண்ணாடியையும் மாட்டிக் கொண்டு போகச் சொல்லுங்கள். மெத்தையின் உட்குழி காதுமடல் முழுவதையும் உள்ளே வாங்கிக் கொள்ள வேண்டும். உச்சிப் பட்டை கொண்டையையும் பூவையும் தள்ளாமல் உட்கார வேண்டும். எடை 250 கிராம் அளவில் இருந்தால் நாளெல்லாம் தாங்கும். கடையில் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்ப்பது போதாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிஷம் கழற்றாமல் இருக்கட்டும்.

கடையில் பாட்டைப் போட்டுக் காட்டித்தான் விற்பார்கள். பாட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏ.ஸி.க்கோ மின்விசிறிக்கோ அருகில் நின்று, பாட்டில்லாமலே இரைச்சல் அடக்கும் விசையைப் போட்டும் அணைத்தும் பார்க்கட்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். சிலருக்கு மலையேறும்போது காது அடைப்பது போன்ற உணர்ச்சி வரும். அப்படி வந்தால், அடக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ரகமாகப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படிப்பதற்கு ஒரு தனி ஜாக்கிரதை வேண்டும். "ஏ.என்.ஸி." என்று இருந்தால்தான் உங்கள் காதுக்கு இரைச்சல் குறையும். "ஈ.என்.ஸி." என்று மட்டும் இருந்தால், நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிராளிக்குப் போகாமல் தடுக்கும் ஏற்பாடு அது. லாபம் அவருக்கு, பணம் உங்களுடையது! ஓர் எழுத்து வித்தியாசந்தான். குறைந்த விலை ரகங்களில் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு அங்கலாய்ப்பவர்கள் உண்டு. அதேபோல் "45 டெசிபல் வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதோ ஒரு சுருதியில் கிடைத்த உச்ச அளவு அது. உள்ளே ஒரு மைக், வெளியே ஒரு மைக் என்று இரண்டு பக்கமும் வைத்த "ஹைப்ரிட்" ரகமே பொதுவாக மேல்.

பாட்டரி எத்தனை மணி என்று போட்டிருக்கிறதோ, அது இரைச்சல் அடக்கும் விசையைப் போட்டா, போடாமலா என்று கேளுங்கள். போட்டு 30 மணி வந்தால் ஒரு வாரத்துப் பிரயாணத்துக்குத் தாராளம். சார்ஜ் தீர்ந்தால் ஒயர் போட்டுக் கேட்க ஒரு துவாரம் இருப்பது நல்லது. ப்ளூடூத்தில் எல்.டி.ஏ.ஸி., ஆப்ட்எக்ஸ் என்றெல்லாம் சொல்லி மயக்குவார்கள். ஓடும் ரெயிலில் பாட்டுக் கேட்கிறவருக்கு அவற்றுக்காக அதிகப் பணம் கொடுப்பது அநாவசியம். அந்தப் பணத்தில் நல்ல மெத்தையுள்ள ரகத்தை வாங்கலாம்.

மெத்தை என்றதும் மறுபடி பழவேற்காட்டுக் காற்று நினைவுக்கு வருகிறது. உப்புக் காற்றும் புழுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரியும். சென்னைக்கும் இது பொருந்தும். மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை கடையில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் அந்த ஹெட்போனின் ஆயுள் அந்தத் தோலின் ஆயுள்தான். ஒவ்வொரு நாளும் உலர்ந்த துணியால் துடைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டணம் ஒன்றோடு வைக்க வேண்டும். தலையில் எண்ணெய் தடவிய கையோடு மாட்டக் கூடாது. மழையில் நனையவும் கூடாது. காதை மூடும் பெரிய ரகங்களில் பெரும்பாலானவை தண்ணீருக்குத் தாங்காதவை.

இன்னொரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். தண்டவாளத்தைத் தாண்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் ஹெட்போன் கழுத்தில் இருக்க வேண்டும், காதில் அல்ல. தூரத்தில் வரும் ரெயிலின் தாழ்ந்த உறுமலைத்தான் இந்தக் கருவி முதலில் அழிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது! வெளி ஓசையை மைக் வழியாக உள்ளே விடும் ஏற்பாடு இப்போது பல ரகங்களில் இருக்கிறது. ஸ்டேஷன் அறிவிப்பைக் கேட்பதற்கு அது போதும்; தண்டவாளத்துக்குப் போதாது.

சரி, எஞ்ஜினுக்குப் பக்கத்தில் உட்காரும் அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று பெண் கேட்கலாம். ஆசை நல்லதுதான், பொருள் அதுவல்ல. பாட்டுக் கேட்கும் ஹெட்போன், தொழிலாளியின் காதைக் காப்பதற்கென்று சோதித்துச் செய்யப்பட்டதல்ல. உப்புத் தண்ணீர் பட்டால் நாலு நாளில் பழுதாகும். அவருக்கு ஏற்றது காதில் செருகும் நுரை அடைப்பான். அல்லது தொழிற்சாலைகளில் போடும் காது மூடி. இரண்டிலும் மின்சாரம் கிடையாது. பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில், மலிவான ஹெட்போன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். படகில் கூட இருப்பவர்களின் குரல் கேட்க வேண்டியது உயிர்ப் பிரச்னை என்பதால், எல்லோரும் ஒரே சமயத்தில் போட்டுக் கொள்ளலாகாது. எஞ்ஜின் அருகில் இருப்பவர் மட்டும் போட்டுக் கொண்டு, கை ஜாடையில் பேசிக் கொள்ளலாம். கரைக்கு வந்த பிறகும் காதில் "கொய்ங்" என்ற ஓசை நீடித்தாலோ, பக்கத்தில் பேசுவதே புரியாமல் போனாலோ தாமதிக்காமல் காது டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பெண்ணுக்கு எவ்வளவு ரூபாயில் வாங்குவது? தினசரி ரெயிலில் போகிறவளானால், பெயர் தெரியாத இரண்டாயிரம் ரூபாய்ச் சாமானைக் காட்டிலும், சிறிது காலம் சேர்த்து வைத்து நடுத்தர விலையில் வாங்குவதே நான் சிபாரிசு செய்வது. பெரிய கம்பெனிகளின் முந்தைய வருஷத்து ரகம், புதியது வந்த பிறகு விலை இறங்கும். காது பழையது, புதியது என்று பார்ப்பதில்லையே! வீட்டில் மட்டும் எப்போதாவது கேட்பவர்களுக்கு இந்த வித்தையே தேவையில்லை. சாதாரண ஹெட்போன் போதும்.

வாங்கி வந்த அன்றே செல்போனில் உச்ச சப்தத்துக்கு ஓர் எல்லை கட்டிவிடச் சொல்லுங்கள். அமைப்புகளில் அதற்கு இடம் உண்டு. பில்லையும் வாரண்டிச் சீட்டையும் அந்தப் பெட்டியிலேயே போட்டு, பீரோவின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள்.