மாரடைப்பு பரம்பரையா வருமா?



அனுமந்தன்பட்டி குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு சகோதரி கேட்டார்: "எங்க அப்பா 48 வயசுல நெஞ்சு வலியில போயிட்டாரு. போன வருசம் அண்ணனுக்கும் மாரடைப்பு. அடுத்து எனக்குத்தானா?" அன்று யாருக்கும் பதில் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

எப்படி வருகிறது?

முகச்சாயல் மாதிரியே இரத்தக் குழாயின் தன்மையும் மரபணு வழியாக வருகிறது. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து. இரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை நம் கல்லீரல் இழுத்து அகற்றுகிறது. சில குடும்பங்களில் இந்த வேலைக்கான மரபணு பழுதாக இருக்கும். அப்போது கொழுப்பு குழாய்ச் சுவரில் படியும். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைக்குமே, அது மாதிரிதான்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது இந்த ஆபத்து கூடுகிறது.

இதயத் தசையைப் பலவீனமாக்கும் மரபணு மாற்றமும் உண்டு. மதுரை, ஐதராபாத் விஞ்ஞானிகள் பங்குபெற்று 2009இல் வெளியான ஆய்வில், இந்தியாவில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இது இருப்பது தெரிந்தது. இருப்பவர் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது.

அப்ப தலைவிதிதானா?

இல்லை. மரபணுவை மாற்ற முடியாது, ஆனால் அடைப்பைத் தள்ளிப்போடலாம்.

• அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா, அக்கா தங்கைக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கொழுப்புப் பரிசோதனை கேளுங்கள்.
• 30 வயது தாண்டியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பாருங்கள்.
• உப்பு ஒருவருக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளமும் இதில் சேர்த்தி.
• வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். வீட்டுக்காரர் பீடியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.
• "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, சில சமயம் அது இல்லாமலும், மூச்சிரைப்பு, தாடை வலி, முதுகு வலி, திடீர் அசதி வரலாம். வாயுத்தொல்லை என்று கசாயம் வைத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரி பரிசோதனை செய்துகொண்டார். கொழுப்பு அதிகம் இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் குடும்ப விவரத்தைச் சொல்வோமா?