பின்னால் அகல டயர்: மாட்டலாமா, மாட்டினால் என்ன ஆகும்?

உங்களிடம் பஜாஜ் அவெஞ்சர் 220 இருக்கிறது. பின் டயர் மொட்டையாகிவிட்டது. கடையில் நிற்கும்போது மனசு லேசாகச் சபலப்படுகிறது: இதையே ஏன் போட வேண்டும், இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டால் பின்னாலிருந்து பார்க்க எடுப்பாக இருக்குமே! கடைக்காரரும் “தாராளமா போடலாம் சார், நிறையப் பேர் போட்டிருக்காங்க” என்கிறார்.

போடலாமா? ஒரே ஒரு அளவு கூட்டுவதென்றால் பெரும்பாலும் போடலாம், அதுவும் ரிம் இடம் கொடுத்தால். அதற்கு மேல் போனால் அழகு மட்டும்தான் மிஞ்சும். ஓட்டுவதில் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். அவெஞ்சரின் பின் டயரில் 130/90-15 என்று இருக்கும். 130 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல. அகலத்தில் 90 சதவீதம், அதாவது 117 மி.மீ. கடைசி 15, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பக்கத்திலேயே 66பி என்பது போல் இன்னொரு குறி இருக்கும். 66 என்றால் அந்த டயர் 300 கிலோ தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கி.மீ. வேகம் வரை தாங்கும். புதிதாக வாங்கும் டயரில் இந்த இரண்டில் எதுவும் பழையதைவிடக் குறையக் கூடாது.

“சரி, 140/90-15 வாங்கினால் 10 மி.மீ. அகலம் கூடும், அவ்வளவுதானே?” இல்லை. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். 90 சதவீதம் என்பது இப்போது 140இல் 90 சதவீதம் ஆகிவிட்டது. பக்கச்சுவர் 126 மி.மீ. உயரமாகிறது. மேலும் கீழும் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் 615 மி.மீட்டரிலிருந்து 633 மி.மீ. ஆகிறது. டயர் பருத்ததோடு வளர்ந்தும் விட்டது.

வளர்ந்தால் என்ன? சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6 செ.மீ. கூடுதல் தூரம் போகும். சிக்னலில் கிளம்பும்போது வண்டி கொஞ்சம் சோம்பலாகத் தெரியும். பின்பக்கம் 9 மி.மீ. தூக்கும், சைடு ஸ்டாண்டில் வண்டி முன்பைவிடச் சற்று அதிகம் சாய்ந்து நிற்கும். வேகமானி முன்சக்கரத்திலிருந்து கணக்கெடுக்கும் வண்டியானால் அதில் மாற்றம் இருக்காது. பின்பக்கத்திலிருந்து எடுப்பதானால், அது 60 காட்டும்போது நீங்கள் 62க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அகலம் கூட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்றால் நடு எண்ணைக் குறைக்க வேண்டும். 150/80-15இன் விட்டம் 621 மி.மீ., பழையதற்கு மிக அருகில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ரிம் குறுக்கே வந்து நிற்கிறது.

இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை ரிம்முடையதுதான். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் அகலமுள்ள ரிம்மில்தான் மாட்டலாம் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் வரம்பு உண்டு. 150 டயர் வழக்கமாக மூன்றரை அங்குலமோ அதற்கு மேலோ கேட்கும். உங்கள் ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும். துடைத்துப் பார்த்தால் தெரியும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் என்ன ஆகும்? மாட்டத்தான் செய்யும், காற்றும் பிடிக்கும். ஆனால் அடிப்பக்கம் நெருக்கப்பட்டு, தரையைத் தொடும் முகம் கூம்பிவிடும். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். பக்கச்சுவர் நேராக நிற்காததால் வளைவில் வண்டி தள்ளாடுவது போல் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி ரோட்டைத் தொடாமலே கிழடாகும்.

ரிம் ஒத்துக்கொண்டால், அடுத்து இடைவெளி. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அது இல்லையென்றால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி பாருங்கள். டயருக்கும் செயினுக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஸ்விங் ஆர்முக்கு (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கவட்டை) எவ்வளவு? மட்கார்டின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளுக்கு எவ்வளவு? கடைசியை மறந்துவிடாதீர்கள். தனியாகப் போகும்போது உரசாத டயர், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் குதிக்கும்போது அந்த போல்ட்டில் போய் முட்டும்.

10 மி.மீ. கூடினால் பக்கத்துக்கு 5 மி.மீ.தான் என்பது காகிதக் கணக்கு. ஒரே எண் போட்ட டயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். அதனால் செயின் பக்கம் ஒரு விரல் தாராளமாக நுழையும் இடம் மிஞ்சாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

செயின் இடித்தால், “ஒரு வாஷர் போட்டுச் சக்கரத்தை அந்தப் பக்கம் தள்ளிடலாம்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாத வண்டி நேர் ரோட்டிலேயே ஒரு பக்கம் இழுக்கும். ஸ்விங் ஆர்மை வெட்டி ஒட்டுவது அதைவிட மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. டயர் ஒரு சுற்று பெரிதானால் யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் டயரின் எண்ணையும் குறித்துக்கொள்வார்.

அகல டயர் அதிகப் பிடிப்புத் தருமல்லவா? எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. டயர் தரையைத் தொடும் பரப்பை வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அதே எடை, அதே அழுத்தம் என்றால் அந்தப் பரப்பின் வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும். ஈர ரோட்டில் பிடிப்பு வேண்டுமென்றால் அதே அளவில் நல்ல ரப்பர் டயராக வாங்குங்கள். முன் டயரையும் ஒருமுறை பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் போய் விழுகிறது.

வளைவுகளில் மாற்றம் நிச்சயம் தெரியும். டயர் அகலமாக ஆக, அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் அதிகம் சாய்க்க வேண்டும். கால் வைக்கும் இடம் தாழ்வாக இருக்கும் க்ரூசருக்குச் சாயும் வசதி ஏற்கெனவே கம்மி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினால் தோள்பட்டை இதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

அப்படியானால் ஹார்லி ஃபேட் பாயில் மட்டும் எப்படி? 2018 மாடலிலிருந்து அதன் பின் டயர் 240 மி.மீ. அகலம், முன் டயரே 160. ஆனால் அந்த வண்டியின் சட்டகம், ரிம், ஸ்விங் ஆர்ம் எல்லாம் அந்த டயருக்கென்றே செய்தவை. நாம் டயரை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

மைலேஜ்? டயரின் எடை கூடினால் கொஞ்சம் குறையும். காற்று? வண்டிக் கையேட்டில் உள்ள அழுத்தத்திலேயே தொடங்குங்கள். “அகலம்தானே” என்று குறைத்துவிடாதீர்கள். உங்களுடையது மீட்டியார் 350 போல இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியா? அது இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்கிறது. அதனால் மொத்த விட்டம் பழையதைவிட அதிகம் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்து மாட்டிவிட்டீர்கள் என்றால், முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்; புது ரப்பர் வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் டயரின் ஓரத்தைப் பாருங்கள். புது டயரில் முடி போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் நூல்கள், செயின் பக்கம் மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். அப்போது பழைய அளவுக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே புது டயர் வாங்கும்போதே, உரசினால் மாற்றித் தருவீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.