தென் துருவத்தில் ஒரு பழைய வீடு

தொலைவிலுள்ள நிலையம் ஒன்றின் குரலைச் சிற்றலை வானொலியில் கேட்கின்றோம். அக்குரல் எவ்வழியே வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பூமிக்கு மேலே, மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று உண்டு. அதனை அயனி மண்டலம் என்பர். சிற்றலைகள் அதிற்பட்டுத் திரும்பியே கடல் கடந்து வருகின்றன. 1950களில் இம்மண்டலத்தை ஆராயும் பொருட்டுத் தென் துருவக் கண்டத்தை அடுத்த சிறு தீவொன்றில் சில மனிதர்கள் தங்கியிருந்தனர். அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் நிற்கின்றது. அதனைச் சுற்றிக் குடியிருப்பவை பென்குவின் பறவைகள்.

அவ்விடத்தின் பெயர் போர்ட் லாக்ராய். அது ஓர் இயற்கைத் துறைமுகம். பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் சார்க்கோ 1904இல் அதற்குப் பெயரிட்டார். 1911 முதல் 1931 வரை திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரியில், பிரிட்டிஷார் அத்துறைமுகத்திலுள்ள கூடியே தீவில் நிலையம் அமைத்தனர். ஆராய்ச்சிப் பணி 1962இல் முடிவுற்றது. கவனிப்பாரற்றுச் சிதைந்த கட்டடம் 1996இல் செப்பனிடப்பெற்று அருங்காட்சியகமாயிற்று.

தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து கொந்தளிக்கும் கடலில் ஏறத்தாழ இரண்டு நாள் கப்பற்பயணம் செய்தால் இக்கண்டத்தின் அருகே வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள கோடையே அதற்கு ஏற்ற காலம். கூடியே தீவு ஒரு கால்பந்துத் திடலின் அளவே உடையது. கறுப்புச் சுவர்களும் சிவப்புச் சாளரச் சட்டங்களும் கொண்ட மரவீட்டினுள் பழைய அடுப்பும், உணவு டப்பிகளும், வானொலிக் கருவிகளும் அந்நாளில் இருந்தவாறே வைக்கப்பட்டிருக்கின்றன. நீண்ட இருட்காலத்தைக் கழித்தோர் தீட்டிய திரைப்பட நடிகையரின் ஓவியங்களும் உண்டு. அஞ்சல் நிலையமும் அங்கே இயங்குகின்றது.

வீட்டு வாயிலருகே கூடு கட்டியிருப்பவை ஜென்டூ என்னும் இனத்துப் பென்குவின்கள். சிவந்த அலகும், கண்ணுக்கு மேலே வெண்ணிறத் திட்டும் இவற்றின் அடையாளம். ஆய்வாளர் வாழ்ந்த நாளில் இத்தீவில் இவை கூடு கட்டவில்லை, 1980களிலேதான் குடியேறின. கூழாங்கற்களைப் பொறுக்கிக் கூடமைத்து, இரண்டு முட்டையிட்டு, தாயும் தந்தையும் முறை மாற்றி ஏறத்தாழ ஐந்து வாரம் அடைகாக்கும். ஒரு கல்லுக்காக அண்டைக் கூட்டோடு சண்டையும் நடக்கும்.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. பார்க்க வரும் மனிதரால் இப்பறவைகளுக்குத் தீங்கு நேராதா? அஞ்சிய பறவை கூட்டைவிட்டு ஒரு கணம் எழுந்தால் போதும். வட்டமிடும் ஸ்குவாப் பறவை முட்டையைக் கவர்ந்து சென்றுவிடும். ஆகவே தீவின் ஒரு பகுதியில் மனிதர் கால் வைப்பதில்லை. மறு பகுதி பார்வையாளருக்குத் திறந்திருக்கின்றது. இரு பகுதிகளிலும் கூடுகளையும் குஞ்சுகளையும் ஆண்டுதோறும் எண்ணி ஒப்பிடுகின்றனர். தொடக்க ஆண்டுகளின் கணக்கில் இரண்டிற்குமிடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை.

அதற்குக் காரணம், வருவோர் காக்கும் ஒழுங்கே எனலாம். பறவைக்கு ஐந்து மீட்டர் தொலைவிலேயே நிற்க வேண்டும். அது குறுக்கே வந்தால் நாமே வழிவிட வேண்டும். காலணிகளைக் கழுவிய பின்னரே கரையேற வேண்டும். ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வருதல் ஆகாது. 2024 பிப்ரவரியில் கொடிய பறவைக்காய்ச்சல் அண்டார்க்டிகப் பெருநிலத்தையும் எட்டியது உறுதியானபின், தரையில் உட்காருவதும் கூடாதென்ற எச்சரிக்கை மேலும் வலுப்பெற்றது.

அண்டார்க்டிக் உடன்படிக்கையில் நம் நாடும் 1983இல் சேர்ந்தது. மைத்ரி, பாரதி என்னும் நம் நிலையங்கள் அக்கண்டத்தில் உள்ளன. எனவே அங்குள்ள உயிர்களைக் காக்கும் பொறுப்பு நமக்கும் உரியது. பிறர் வாழும் மண்ணுக்குச் செல்வோர் அவ்விடத்து முறையறிந்து நடப்பர். வேற்றூர்களில் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவர். அப்பறவைகளின் வீட்டில் மனிதன் விருந்தாளி. விருந்தாளிக்கு அடக்கமே அழகு.