மாட்டை யார் பார்த்துக்கொள்வது? - இரண்டு நாள் வெளியூர் போய்வர ஒரு கணக்கு

குளித்தலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஒன்றரை ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு, எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். மற்ற கேள்விகளெல்லாம் மடிநோய் பற்றியும் உளுந்தில் மஞ்சள் தேமல் பற்றியும் இருக்க, அவர் கேள்வி வேறு மாதிரி இருந்தது. 'கல்யாணமாகி பதினைந்து வருஷமாகிறது. கல்யாணம், காதுகுத்து, சாவு தவிர வேறு எதற்கும் நான் வெளியூர் போய்த் தங்கியதில்லை. பிள்ளைகள் கடல் பார்த்ததில்லை. குறைந்த செலவில் எங்கே போகலாம்? போனால் மாட்டை யார் பார்ப்பது?'

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

கறவை மாட்டை சினையின் கடைசி இரண்டு மாதம் வற்ற விடுகிறோம் இல்லையா, அதுதான் நமக்கு லீவு. பால் கறக்க வேண்டாம். சொசைட்டிக்குப் போக வேண்டாம். தீனியும் தண்ணீரும் வைக்க ஒரு ஆள் இருந்தால் போதும். ஈனுவதற்கு முந்தைய பதினைந்து நாள் மட்டும் வீட்டை விட்டு நகரக் கூடாது. இரண்டு மாடும் ஒரே சமயத்தில் வற்றாது என்பது தெரியும். கறவையில் இருக்கிற ஒன்றுக்கு பக்கத்து வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கிளம்புகிற அன்று காலையில் கேட்காதீர்கள். நான்கு நாள் முன்பிருந்தே ஒரு வேளை அவர் கறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். புதுக் கைக்கு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். பழக்கிவிட்டால் அந்தத் தொல்லை குறையும். அந்த இரண்டு நாள் பால் அவருக்கே. அடுத்த மாதம் அவர் போகும்போது நீங்கள் போய்க் கறங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் மாற்றிக்கொண்ட பழக்கம் நமக்குப் புதிதில்லை.

அடுத்தது வயல். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிட்டால், அறுப்பு முடிந்த பிறகு பூக்கிற வரை அதிகம் வேலை இல்லை. பூக்கும்போதுதான் டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். அதனால் நெல் விவசாயிக்கு தை கடைசியும் மாசி முற்பாதியும்தான் தோதான காலம். வெயிலும் ஏறியிருக்காது.

இந்தக் காலத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தங்கும் செலவை இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரு மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு என்று குடும்பத்தோடு கொடைக்கானல் போனேன். மற்ற மாதத்தில் விசாரித்தபோது சொன்ன வாடகையைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். கொடுத்தோம், வேறு வழியில்லை. மறுநாள் பாதிப் பகல் மலைச்சாலையில் வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பார்த்தது முன்னால் நின்ற வேனின் பின்பக்கத்தைத்தான்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு சனி, ஞாயிறை விட்டால் நாள் கிடையாது. நமக்குத் திங்கள், செவ்வாய் இருக்கிறது. இந்த ஒரு வசதியில் நாம்தான் பணக்காரர்கள். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பீர்கள். ஞாயிறு காலை கிளம்பி, ஞாயிறு இரவு தங்கி, திங்கள் இரவு வீடு திரும்புங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நாள்தான் போகும். ஞாயிறு மதியத்துக்கு மேல் விடுதிகள் காலியாகும். அப்போது அறை கேட்டால் வாடகை பேச இடம் இருக்கும். மாவட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிற நாளையும் கவனித்து வைத்துக்கொள்ளலாம்; பக்கத்து மாவட்டத்துக்கு அது சாதாரண வேலை நாள்.

சரி, எங்கே போவது? குளித்தலை வாசகிக்கு நான் சொல்வது சிதம்பரமும் பிச்சாவரமும். ஊட்டி சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் அவர் வயலைத் தாண்டிப் போகிற காவிரித் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அந்தக் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது கீழணை. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. மிச்சம் கடலுக்கு.

குளித்தலையிலிருந்து திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சிதம்பரம். ரயிலில் சுமார் 200 கிலோமீட்டர். பகல் பயணம், முன்பதிவில்லாத பெட்டியே போதும். சாதாரண பயணிகள் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்தான். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் அரை டிக்கெட். (இரவு ரயிலில் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் வாங்குவார்கள். தூரப் பயணத்துக்கு முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. முதியோர் சலுகை 2020-இல் நிறுத்தப்பட்டது. தாத்தா பாட்டியைக் கூட்டிப் போகிறவர்கள் முழு டிக்கெட்டாகவே கணக்குப் போடுங்கள்.)

மதியத்துக்கு மேல் சிதம்பரம் சேர்ந்தால் போதும், எப்படியும் நடராசர் கோயில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகள் உண்டு. அறையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான்கு பேருக்கு ஓர் அறை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கூடுதல் பாய்க்குக் காசு கேட்பார்கள்.

திங்கள் காலை, வெயில் ஏறுமுன் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சாதாரண கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது தமிழ்நாடு முழுவதும் 2021 முதல் இருக்கிறது. நம் ஊர்ப் பஸ்ஸில் பழகிவிட்ட நாம் வெளியூர் போனால் மறந்துவிட்டு ஆட்டோ பிடிக்கிறோம். அம்மாவும் மகளுமாகப் போகிற குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்லை.

அங்கே மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். கட்டணம் படகுக்குத்தான் என்பதால் இன்னொரு சிறு குடும்பம் நின்றால் சேர்ந்துகொள்ளலாம். சுரபுன்னையின் தாங்கு வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும். வெண்கண்டலுக்கு மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்திருக்கும். உப்புத் தண்ணீரில் ஒரு பயிர் எப்படிப் பிழைக்கிறது என்று உவர் நிலம் வைத்திருக்கிறவர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு. பிள்ளைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கடலைக் காட்டவேண்டும் என்றால், படகில் ஏறுமுன்பே முகத்துவாரம் வரை போகுமா என்று கேட்டு, அதற்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

திரும்பும்போது ரயில் வேண்டாம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினால் வீராணம் ஏரிக்கரை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரிலிருந்துதான் வீராணம் வந்தது. கடலூர் மாவட்ட வயல்களுக்கும் பாய்கிறது, சென்னைக்குக் குடிக்கவும் போகிறது. கரையில் அரைமணி நேரம் நில்லுங்கள். அங்கிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம், பிறகு வந்த வழி.

நால்வருக்கு என் கணக்கு: ரயிலும் பஸ்ஸும் 800, அறை 1,000, சாப்பாடு 1,200, படகு போக சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம். கையில் 4,000 ரூபாய் இருந்தால் பயப்பட வேண்டாம். தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேன் பங்கும் மொய்யுமாக இதில் பாதி போய்விடுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வேன் கட்டுப்படியாகும். நான்கு பேருக்கு அது வீண்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள் என்று வீட்டு ஆண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கட்டுச்சோறு மலிவுதான். ஆனால் கிளம்புகிற அன்று ராத்திரி 2 மணிக்கு எழுந்து புளி கரைத்து நான்கு வேளைக்குக் கட்டுவது யார்? போகிற வழிக்கு ஒரு வேளை கட்டட்டும். மற்றதை இட்லிக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடிதம் எழுதியது அவர், லீவும் அவருக்கு.

மலைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வேனிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயிலுக்கு இடம் கிடைப்பது கடினம். குன்னூர் வரை பஸ்ஸில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போகலாம். நீராவி இன்ஜினும் பல்சக்கரத் தண்டவாளமும் பார்க்க முடியாது, அவை குன்னூருக்குக் கீழேதான். பிள்ளைகளுக்கு மலை ரயிலில் ஏறிய சந்தோஷம் குறையாது.

ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள், செங்கல்பட்டுப் பக்கம் என்றால் வேடந்தாங்கல், திருநெல்வேலிப் பக்கம் என்றால் கூந்தன்குளம் போகலாம். இரண்டு இடத்திலும் பறவைகளை ஊர் விவசாயிகளே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தால் யூரியா எத்தனை மூட்டை மிச்சம் என்று சொல்வார்.

மறுபடி குளித்தலைக்கு. உங்கள் பெரிய மாடு பங்குனிக் கடைசியில் ஈனும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தைக் கடைசியில் பால் வற்றியிருக்கும். பங்குனி பாதிக்கு மேல் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மாசி மாதத்து முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, சிவராத்திரி, மாசி மகம் வருகிற வாரத்தை மட்டும் தவிருங்கள். கோயில் ஊர், அறை கிடைக்காது. பக்கத்து வீட்டாரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.